உள்பக்கம்

போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. யு.கே.ஜி. பிள்ளைகள் ஆளுக்கொரு காய்கறியாக வர வேண்டும் என்று வகுப்பு ஆசிரியை வாட்ஸப்பில் எழுதியிருந்தார். இவளுக்குக் கத்தரிக்காய். மகள் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் வாடகைக் கடையில் ஒரு கத்தரிக்காயை எடுத்து வந்தாள். பளபளக்கும் ஊதாத் துணி, உள்ளே பஞ்சு, தலைக்குக் காம்பு வைத்த பச்சைத் தொப்பி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்த இரண்டாவது நிமிடம் குழந்தை கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். "பாட்டி, கடிக்குது."

கழற்றி வாங்கி, கை போன போக்கில் உள்பக்கத்தைத் திருப்பினேன். கழுத்தோரத்தில் நைலான் வலை முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. ஓரங்களில் ஓவர்லாக் அடித்து, தையலை ஒட்டியே வெட்டியிருந்தார்கள். பிரித்து அகலமாக்கவோ, மடித்து மறைக்கவோ உள்ளே துணியே இல்லை.

திருப்பிப் பார்க்கும் அந்தப் பழக்கம் அம்மாவுடையது. ஜவுளிக் கடையோ கல்யாண வீடோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை புதுச்சட்டை போட்டுக்கொண்டு காட்ட வந்ததோ, எதுவானாலும் அம்மா குனிந்து ஓரத்தை இரண்டு விரலால் புரட்டிவிடுவாள். வெளியே போட்டிருக்கும் பூவும் கொடியும் அவள் கண்ணில் படாது. "உள்ள எவ்வளவு விட்டிருக்கான்?" என்பதுதான் கேள்வி. விட்டிருப்பது என்றால் துணி. வளர்த்திக்கு விட்ட துணி.

அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். தெற்கு பஜாரிலிருந்து நடக்கிற தூரம். நீளவாக்கில் மூன்று அறைகள் கொண்ட ஓட்டு வீடு. வெளிச்சம் நன்றாக விழுவது நடு அறை ஜன்னலோரத்தில் மட்டும். மிஷின் அங்கேதான் கிடந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போகையில் கொடுத்துவிட்டுப் போன பழைய சிங்கர். கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூவேலை பாதி அழிந்திருந்தது. சீட்டுப் பணம் எடுத்து வாங்கினார்கள்.

மிஷின் வந்த அன்று ராத்திரி அப்பா எங்களை உட்காரவைத்துக் காந்தி கதை சொன்னார். எந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தி, 1924-இல் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தாராம். மனைவி கைத்தையலில் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார், அதில் அன்பு இருக்கிறது என்று காரணமும் சொன்னாராம். அம்மா அந்தக் கதையை முழுக்கக் கேட்டாளா தெரியாது. தோல்பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டி, அது தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மிஷின் சத்தத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் தூங்கி வளர்ந்தோம். நான், எனக்கு அடுத்தவள், கடைசியாகத் தம்பி. பாபினில் நூல் சுற்றுவது என் வேலை. கீழ்நூல் தீரும்போது சத்தமே மாறிவிடும். அம்மா சொல்லும் முன்பே அடுத்த பாபினை நீட்டுவேன். தங்கைக்குத் தரையில் விழுந்த ஊசிகளைப் பொறுக்கும் வேலை. தம்பிக்குத்தான் மிஷினைத் தொடக் கூடாது என்ற தடை. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி நூலை அறுத்துவிடுவான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தையல் தொடங்கிவிடும். ஒரே துணியில் ஒரு தான் வாங்கிவிடுவார்கள். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் கவுன், தம்பிக்குச் சட்டை, மிச்சத்தில் சித்தி பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. அதற்கும் மிஞ்சினால் தலையணை உறை. பண்டிகை ஆராதனைக்கு நாங்கள் எல்லாரும் கோயிலுக்குள் நுழைந்தால், ஒரு பெஞ்சு முழுக்க ஒரே பூவாக இருக்கும். தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று உபதேசியார் சொல்வார். எங்களுக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை. தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே கட்டத்தில் சட்டை போட்டு வருவார்கள்.

மீட்டர் கணக்கு வந்து பல வருஷம் ஆன பிறகும் அம்மா மனசுக்குள் கஜத்தில்தான் திட்டம் போடுவாள். கஜத்துக்கு 36 அங்குலம். மீட்டருக்கு 39-க்கும் கொஞ்சம் மேலே. நாலு கஜம் வேண்டியிருந்தால் நாலு மீட்டர் கேட்பாள். மீட்டருக்கு மூன்று அங்குலம் கூடுதலாக வரும் அல்லவா, அது முழுக்க உள்ளே போய்விடும். பக்கத் தையலில் இரண்டு விரற்கடை, கை மடிப்பில் ஒரு விரற்கடை, கீழ் மடிப்பில் நாலு. பாவாடை என்றால் தனிக் கணக்கு. அடியில் ஆழமாக மடித்துத் தைப்பதோடு, நடுவில் இரண்டு டக்ஸ் பிடித்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது அழகுக்கு வைத்த கோடு மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒன்றாகப் பிளேடால் பிரித்தால் பாவாடை பிள்ளையோடு சேர்ந்து இறங்கும். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெயில் படாமல் முதல்நாள் நிறத்திலேயே இருக்கும். நான் மூன்று வருஷம் உடுத்திய மாம்பழ நிறப் பாவாடையில் அப்படி இரண்டு பட்டைகள் இருந்தன. பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்து, "பார்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். எனக்கும் அது பார்டராகத்தான் தெரிந்தது.

தம்பியை அளவெடுப்பதுதான் பெரும்பாடு. டேப்பைக் கண்டாலே கூசி நெளிவான். ஒருநாள் மத்தியானம் அவன் தூங்கும்போது அம்மா சத்தம் போடாமல் டேப்பை அவன் நெஞ்சில் வைத்தாள். ஆச்சி திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஏளா, படுத்துக் கெடக்க பிள்ளைய அளக்காத. எந்திச்ச பொறவு அள." அம்மா உடனே டேப்பைச் சுருட்டிவிட்டாள். படுத்திருப்பவரை அளப்பது எதற்கு என்பது கிறிஸ்தவ வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதன் பிறகு தம்பிக்கு அளவெடுக்க அப்பா அவனைத் தோளில் தூக்கி நிறுத்திக் கதை சொல்ல வேண்டியிருந்தது.

ஆச்சி அப்பாவைப் பெற்றவள். நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்கு மிஷின் ஓட்ட வராது, பிடிக்கவும் செய்யாது. ஆனால் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், முதல் உடுப்பு ஆச்சி கையால்தான். அதற்குப் புதுத்துணி ஆகாது. அப்பாவின் பழைய வேட்டியோ, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன நூல்சேலையோ வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் ஒரு நூல்கூடக் கோக்கக் கூடாது. பிறந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் டிரங்குப் பெட்டியைத் திறப்பாள். கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரே இழுப்பில் கிழிப்பாள். கிழித்தால்தான் இழை நேராக வரும் என்பாள். நான் பிறகு தைக்கக் கற்றபோது அது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

அந்தக் குட்டிச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது, நாடாதான். இன்னொன்றும் உண்டு. தையல் ஓரம் எல்லாம் வெளிப்பக்கம் இருக்கும். முதல்முறை பார்த்தபோது ஆச்சி மாற்றித் தைத்துவிட்டாள் என்று நினைத்து, "உள்பக்கம் வெளிய இருக்கு ஆச்சி" என்றேன். "பாக்குதவன் கண்ணுக்கா தைக்கேன்? பச்சப்பிள்ள மேலுக்குத் தைக்கேன்" என்றாள்.

ஆச்சிக்கு ரேந்தை பின்னத் தெரியும். லேஸ் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், ரேந்தைதான். பொத்தானும் அலமாரியும் போல அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் என்று அப்பா சொல்வார். நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது, ரேந்தையும் கூடவே தேரிக்காட்டுக்குப் போனது. தலையணை மேல் மாதிரித் தாளைக் குத்திவைத்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை வலதும் இடதுமாக மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஆச்சி கைகளில் அந்தக் கட்டைகள் மழை ஓட்டில் விழுகிற மாதிரிச் சடசடக்கும். ஒரு விரல் நீளம் வளர ஒரு பொழுது ஆகும்.

அவளுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தது அவளுடைய ஆச்சி. அந்த மூத்த ஆச்சி பிள்ளையாக இருந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. எங்கள் சனத்துப் பெண்கள் மாரை மறைத்து உடுப்பதற்கே தடை. குப்பாயம் தைத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் உடுப்பைக் கிழித்தார்கள். வருஷக்கணக்காக அடியும் கலகமுமாக நடந்து, 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுப்பது போல உடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. தோள்சீலைக் கலகம் என்று புத்தகத்தில் நான் படித்தது பின்னால்தான். ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: அவளுடைய ஆச்சிக்கு ஏழெட்டு வயதில் அவள் தாயார் ஒரு குப்பாயம் தைத்துக் கொடுத்தாளாம். கை வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாளாம்.

இதைச் சொல்லும்போது ஆச்சியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் எங்கள் மூன்று பேரில் யாராவது பொத்தான் அறுந்த சட்டையோடு வாசலுக்குப் போனால் அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். "ஏட்டி, நில்லுட்டி. நூலக் கோத்துத் தா, எனக்குக் கண்ணு தெரியல்ல." வெயிலோ, விளையாட்டோ, பள்ளிக்கூட மணியோ, எதற்கும் அவள் காத்திருந்ததில்லை. அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

வேஷம் கட்டுவது எங்கள் வீட்டுக்கு எப்படியும் வருஷத்துக்கு ஒருதரம் வந்துவிடும். கோயிலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நடத்துகிற கிறிஸ்து பிறப்பு நாடகம். மேய்ப்பர்களுக்குச் சிரமமே இல்லை. கட்டம் போட்ட போர்வையும் தலைப்பாகையும் போதும். சாஸ்திரிகளுக்குப் பெரியவர்களின் பட்டு மேல்துண்டு. தேவதூதன்தான் கஷ்டம். ஒரு வருஷம் தங்கைக்கு அந்த வேஷம் கிடைத்தது. வேட்டித் துணியில் நீள அங்கி தைத்து, சொட்டு நீலம் போட்டு அலசி, கஞ்சி போட்டு விறைப்பாக்கியாயிற்று. சிறகுக்கு மூங்கில் சிம்பை வளைத்துச் சட்டம் கட்டிக் கொடுத்தார் அப்பா. அதன் மேல் கட்ட மெல்லிய துணி வேண்டும். கொசுவலைத் துணி வாங்கலாம் என்றார்கள். தடிமனாக இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது என்று அம்மா தயங்கினாள்.

மறுநாள் அவள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தன் கல்யாண நெட்டை எடுத்தாள். தலையிலிருந்து கால்வரை தொங்கும் வெள்ளை வலை. ஓரம் முழுக்க ஆச்சி பின்னிய ரேந்தை. மருமகளாக வரப்போகிற பெண்ணுக்காக ஆச்சி பல மாதம் உட்கார்ந்து பின்னியது. அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆச்சி வந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் பயந்தேன்.

"ரேந்தையப் பிரிச்சு வச்சிட்டு வெட்டு."

"பிரிக்க மனசு வரல அத்தை."

"கொண்டா. நான் போட்ட தையலு. நானே பிரிக்கேன்."

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஆச்சி ஒவ்வொரு தையலாகப் பிளேடு முனையால் எடுத்தாள். எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறாள் என்று பிரிக்கும்போதுதான் தெரிந்தது. கண் தெரியாதவள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தன் தையல் அவளுக்கு விரலிலேயே தெரிந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. முழு ரேந்தையையும் ஒரு அட்டைத்துண்டில் சுற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காப்பி போடப் போனாள்.

பண்டிகை ராத்திரி, மேடைக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது தங்கையின் இடது சிறகு தோள்பட்டையிலிருந்து பிய்ந்து தொங்கியது. வெஸ்ட்ரி வாசல் அகலம் போதாமல் இடித்துவிட்டது. கழற்றித் தைக்க நேரமில்லை. அம்மா போட்டபடியே தைக்க ஊசியை எடுத்ததும், ஆச்சி விளக்குமாற்றிலிருந்து ஒரு துரும்பை ஒடித்துத் தங்கையின் வாயில் வைத்தாள். உடுத்தியிருக்கும்போது தைத்தால் ஆகாது. தைத்தே ஆக வேண்டுமென்றால் வாயில் துரும்பைக் கடித்துக்கொள்ள வேண்டும். நாலு தையல் போட்டு நூலை அறுத்ததுமே தங்கையை மேலே தள்ளிவிட்டார்கள். விளக்கு வெளிச்சம் பின்னாலிருந்து விழ, அந்தச் சிறகு நாங்கள் யாரும் எதிர்பார்க்காத மாதிரி ஒளிர்ந்தது. தேவதூதன் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் அம்மா தன் உதட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். தங்கை புரிந்துகொண்டு துரும்பை எடுத்து, கீழே போடத் தெரியாமல் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, நற்செய்தியை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். வீட்டுக்கு வந்து தூங்கும்போதும் அது அவள் கையில் இருந்தது.

அந்தச் சிறகை அதற்குப் பின் மூன்று வருஷம் வேறு வேறு பிள்ளைகள் கட்டினார்கள்.

தம்பிக்குப் பள்ளியில் ஒரே ஒரு வேஷம்தான் வாய்த்தது. கட்டபொம்மனாக வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்கு உயரமான பையன் வந்துவிட்டான். இவனுக்கு ஊமைத்துரை. இரண்டு நாள் அழுதான். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, இதே பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1801-இல் தப்பிப்போனவர் ஊமைத்துரை. நம் ஊர்க்காரர் மாதிரிதான், நீ எதற்கு அழுகிறாய் என்று அப்பா எடுத்துச் சொன்ன பிறகு சமாதானமானான். வசனம் இல்லாத வேஷம் என்பதால் உடுப்பே பேச வேண்டும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். தன் சிவப்பு வெல்வெட் ஜாக்கெட்டைப் பிரித்து அவனுக்குச் சட்டை தைத்து, ஜிகினா நாடாவை நெளி நெளியாக வைத்தாள். நாடகம் முடிந்த பிறகும் அதைப் பல மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போட்டுக்கொண்டு திரிந்தான். சின்னதாகிவிட்டது என்று அவன் சொல்லும்போதெல்லாம் அம்மா பக்கத் தையலைப் பிரித்து ஒரு விரற்கடை விட்டுக் கொடுப்பாள். வேஷச் சட்டைக்குமா வளர்த்தி வைத்தாய் என்று அப்பா கேட்டார். அவனும்தானே வளருதான் என்றாள் அம்மா.

எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து, தபால் ஆபீசில் வேலையும் ஒரு பெண்குழந்தையுமாக இருந்தபோது அந்தச் சிங்கர் என்னிடம் வந்தது. பகலில் நேரமில்லை; குழந்தை தூங்கின பிறகு தைப்பேன். பஃப் கை வைத்த முதல் கவுனை நான் வெட்டியபோது இரண்டு கையுமே இடது கையாக வந்துவிட்டது. அக்குள் வளைவில் முன்பக்கம் குழிவு அதிகம், பின்பக்கம் குறைவு. இரண்டையும் எதிரெதிராக வைத்து வெட்ட வேண்டும். துணியும் மிச்சமில்லை. எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் கவரில் வந்தது. இன்லண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்பது நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். உள்ளே நாலாக மடித்த காலண்டர் தாள்; கை அளவுக்கு வெட்டி, ஒரு ஓரத்தில் பென்சிலால் "முன்" என்றும் மறு ஓரத்தில் "பின்" என்றும் எழுதியிருந்தாள். கீழே: "தாளை ஒருதரம் திருப்பிப் போட்டு வரைந்துகொள். 2 விரல் உள்ளே விடு." வேறு நலம் விசாரிப்பு ஒன்றுமில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது ஒருநாள், நான் தைத்த பாவாடையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கடையில் வாங்கியதுதான் போடுகிறார்கள், இதில் ஒரு கோடு தெரிகிறது என்றாள். டக்ஸ் பிரித்த கோடு. நான் மாம்பழ நிறப் பாவாடையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். கோடு தெரிகிற துணியைப் போட்டுக்கொண்டு போவது அவளுடைய வகுப்பில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும். அந்த வாரமே கடைக்குக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தேன். மிஷினை மடக்கி, மேலே விரிப்புப் போட்டு, டெலிபோன் வைத்தோம். பிறகு டிவி.

பாளையங்கோட்டையில் அம்மாவிடம் தையல் கற்றுக்கொண்ட மதினி ஒருத்தி பின்னாளில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, அரசுப் பள்ளிகளுக்கான விலையில்லாச் சீருடை தைத்தாள். பிள்ளைக்கு ஆண்டுக்கு நாலு இணை. மூட்டை மூட்டையாகத் துணி வீட்டுக்கு வரும் என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். முகம் தெரியாத பிள்ளைகள், அளவு மட்டும் சீட்டில் வரும். "கால் மடிப்ப மட்டும் என்னால முடிஞ்ச மட்டும் ஆழமா மடிச்சிருவேன் மதினி. மாமி சொல்லித் தந்தது மறக்குமா?" என்பாள். மாமி என்றால் என் அம்மா.

பேத்தி பிறக்கப் போகிறாள் என்றபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையின் பட்டியலை மகள் போனில் காட்டினாள். பிறக்காத குழந்தைக்குத் தொப்பி, காலுறை, கையுறை எல்லாம் மூன்று மாதம் முன்பே வாங்கியாயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்தாள் என்று மருமகன் போன் செய்ததும் பீரோவைத் திறந்து, வீட்டுக்காரருடைய பழைய வேட்டியை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். தையல் ஓரம் வெளியே இருக்க இரண்டு குட்டிச் சட்டை, நாடா வைத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நர்ஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைச் சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, இதைத்தான் முதலில் போட்டாள்.

இப்போது மடியில் கத்தரிக்காய் கிடந்தது. ராத்திரி ஒன்பது மணி. டிவியை இறக்கி வைத்து மிஷினைத் திறக்க மருமகனைக் கூப்பிட்டேன். இவ்வளவு காலம் சும்மா கிடந்த பெல்ட் இறுகி வெடித்திருந்தது. எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முனகியது. சரி, கைத்தையலே போதும் என்று உட்கார்ந்தேன். மிஷினின் இழுப்பறையில் அட்டையில் சுற்றிய ரேந்தை இருந்தது. ஒருகணம் அதை எடுக்கலாமா என்று நினைத்தேன். அது கழுத்தில் குத்தும். வைத்துவிட்டு, வேட்டியின் மிச்சத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்தேன்.

"வாடகைக்கு எடுத்ததும்மா. நாளைக்குச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும். எதுக்கு இவ்வளவு மெனக்கெடுற?" என்றாள் மகள். பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தோரத்தை எனக்கு வாகாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க எனக்கு மூன்று தரம் தவறியது. வாங்கி அவளே கோத்துக் கொடுத்தாள்.

வலையின் முனைகளை எல்லாம் உள்ளே மடக்கி, மேலே வேட்டிப் பட்டையை வைத்து, கழுத்தைச் சுற்றி முழுக்கத் தைத்தேன். இரண்டு அக்குளிலும் அப்படியே. காலையில் போட்டுவிட்டபோது குழந்தை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொறியவில்லை. கத்தரிக்காயைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, மேடையிலேயே உட்கார்ந்து வெண்டைக்காயோடு பேசிக்கொண்டிருந்தாளாம்.

சாயங்காலம் நானும் மகளும் கடைக்குப் போனோம். போகிற வழியில், போட்ட தையலைப் பிரிக்காமலே கொடுத்துவிடலாமா, கேட்டால் என்ன சொல்வது என்று மகள் கவலைப்பட்டாள். அடுத்துப் போடுகிற பிள்ளைக்கும் கழுத்து இருக்குமே என்றேன். கடைப் பையன் கத்தரிக்காயை வாங்கி, கறை ஏதும் பட்டிருக்கிறதா என்று உள்பக்கத்தைத் திருப்பினான். வெள்ளைப் பட்டையைக் கண்டு நிறுத்தினான். கட்டைவிரலால் ஒருதரம் தடவினான். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்து, உடுப்பைத் திருப்பி, தொப்பியோடு சேர்த்துக் கம்பியில் மாட்டினான்.